நானூற்றுப் பதினேழு: சோர்வு

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் தேநீர் அறையில் "அகராதி வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்டால், யாரைக் கேட்கிறார் என்று தரை துடைப்பவருக்கும் தெரியும். சின்ன வயதில் அம்மாவும் அவளை அகராதி பிடித்த கழுதை என்றுதான் திட்டுவாள். சொல்லுக்குச் சொல் சண்டை பிடிக்கிற குணத்துக்கு வீட்டில் வசவும் அலுவலகத்தில் சம்பளமும் கிடைத்தன. அவளுக்கு இரண்டிலும் வருத்தம் இல்லை.

வேலை இதுதான். ஏழு ஆஸ்பத்திரிகளில் மூட்டு நோய்க்காரர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் ஓர் ஆராய்ச்சியில் இருந்தார்கள். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்குப் பழையது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரும் ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். தாளின் அடியில் ஆறு கோடு போட்ட ஒரு கட்டம் இருக்கும். 'இந்த மூன்று மாதத்தில் உடம்புக்கு என்ன செய்தது? உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னால் மனிதர்கள் சும்மா விடுவார்களா? ஒருவர் களைப்பு என்பார், ஒருவர் அசதி என்பார், ஒருத்தி அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்பாள். இன்னொருவர் மருமகள் மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் ஆறு கோட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டு 'மற்றபடி நலம்' என்று முடிப்பார்.

கம்ப்யூட்டருக்கு இதையெல்லாம் எண்ணத் தெரியாது. களைப்பும் அசதியும் ஒன்றுதான் என்று யாராவது அதற்குச் சொல்லித் தர வேண்டும். அதற்காகத்தான் சொற்பட்டியல். அதில் அறுநூறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு விளக்கம், மக்கள் அதை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று கீழே சில வாசகங்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு வாசிப்பாளர்கள் தனித்தனியாகப் படித்து எண் போடுவார்கள். இருவரும் ஒரே எண்ணைப் போட்டால் ஒத்துப்போயிற்று என்று அர்த்தம். நூற்றுக்கு எத்தனை ஒத்துப்போயிற்று என்பதுதான் அந்த அலுவலகத்தின் மானம் மரியாதை எல்லாம். பட்டியலுக்கு அவள்தான் பொறுப்பு.

குறை சொல்ல முடியாத வேலை. ஏழு ஆஸ்பத்திரியும் ஏழு விதமாக எழுதிக்கொண்டிருந்தால், எந்த மாத்திரை யாரை என்ன செய்கிறது என்று எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அவள் அதை முழு மனதோடு நம்பினாள். இன்றைக்கும் அந்த நம்பிக்கை போகவில்லை, அதுதான் கொடுமை.

தொல்லை பதினோரு எண்களில் இருந்தது. அதில் ஒன்று 423, 'கையை உயர்த்த இயலாமை'. தலை வார முடியவில்லை என்று ஒரு தாள் வரும். வாசிப்பாளர்களில் ஒருத்தி 423 போடுவாள். இன்னொருவர் 417, 'சோர்வு' என்று போடுவார். களைத்துப்போனவர்களுக்கும் தலை வார முடியாதுதானே என்பது அவர் வாதம். 423 போட்டவளோ, களைத்தவர்கள் எதையும் செய்ய முடியவில்லை என்றுதான் எழுதுவார்கள், கையை மட்டும் பிரித்து எழுத மாட்டார்கள் என்பாள். விட்டுக்கொடுக்கவே மாட்டாள். அவளுக்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தது அகராதியேதான்.

அந்த வருடம் ஒத்துப்போனது நூற்றுக்கு எழுபத்தொன்று. குறைந்தது எண்பத்தைந்து இருந்தால்தான் மற்ற நாட்டு ஆராய்ச்சிகளோடு நம் தகவலைச் சேர்ப்பார்கள் என்று இயக்குநர் இரண்டு கூட்டங்களில் சொன்னார், மூன்றாவதில் சொல்லாமல் அவளையே பார்த்தார். அவள் பதினோரு எண்களையும் மூடினாள். ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருந்த பெரிய சொல்லோடு சேர்த்தாள். 423 போய் 417க்குள் அடங்கியது. தலை வார முடியவில்லை, துணி காயப்போட முடியவில்லை, மேல் பலகையில் இருக்கிற டப்பாவை எடுக்க முடியவில்லை என்று நாற்பத்தொரு வாசகங்களைச் சோர்வின் கீழே அவளே தட்டச்சு செய்தாள்.

இதுவரை செய்ததையாவது மன்னிக்கலாம். எண்ணை மூடும்போது ஒரு சின்னக் கட்டம் கேள்வி கேட்கும்: 'பழைய பதிவுகளிலும் மாற்றவா?' மாற்றக் கூடாது. மூடிய எண் பழைய தாள்களில் அப்படியே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவளே நாலு பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். ஆனால் மாற்றினால் போன வருடங்களின் ஒத்துப்போன அளவும் சேர்ந்து உயரும். அவள் கட்டத்தில் குறி போட்டாள். எழுபத்தொன்று எண்பத்தெட்டாயிற்று. ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்துக் கை தட்டினார்கள். பிடிவாதம் அடுத்த மாதம் வேலையை விட்டாள்.

எண் போட்டு முடிந்ததும் அவரவர் எழுதிய சொந்த வரிகளை அழித்துவிட வேண்டும் என்ற விதியும் அவள் ஆதரித்து வந்ததுதான். அதற்கும் காரணம் இருந்தது. 'நான் தபால்காரர் மனைவி, வலது கையில் ஆறு விரல்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இதைப் படித்தால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடாதா? ஆஸ்பத்திரிகள் தாளைக் கிழித்தன, அலுவலகம் வரியை அழித்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் அளவெடுத்து ஒன்று செய்து வைத்திருந்தாள்.

அவளுடைய அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். பத்து வருடமாக மூட்டு நோய். நடுவில் ஒரு தடவை சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டுப் போன நோய். ஆராய்ச்சிக்குப் புதிதாக ஆள் சேர்த்தபோது, புது மாத்திரைக்கு மாறலாமா என்று அக்கா தங்கையைத்தான் கேட்டாள், டாக்டரைக் கேட்கவில்லை. இவள் அட்டவணையைத் திறந்து பார்த்தாள். பக்க விளைவு: சோர்வு, லேசானது. புது மாத்திரைக்கு நூற்றுக்கு ஒன்பது பேர், பழையதுக்கு ஆறு பேர். சோர்வுதானே, யாருக்குத்தான் இல்லை?

"தைரியமா சாப்பிடு அக்கா. எல்லாத்தையும் நான் பாத்துட்டேன்" என்றாள்.

எட்டாவது மாதம் அக்கா ஒரு வேடிக்கை சொன்னாள். வகுப்பில் பிள்ளைகள், டீச்சர் மேலே இவ்வளவு இடம் இருக்கே, ஏன் கீழேயே எழுதுறீங்க என்று கேட்டார்களாம். அப்போதுதான் தான் கரும்பலகையின் பாதிக்குக் கீழே எழுதிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். அடுத்த தடவை போனபோது சமையலறையில் மேல் பலகை காலியாக இருந்தது. டப்பாக்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன. அத்தான்தான் இறக்கி வைத்திருந்தார். அக்கா தலையைக் குனிந்து மேசை மேல் முழங்கையை ஊன்றித் தலை வாரிக்கொண்டிருந்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவைப் பார்த்த டாக்டர் நல்லவர், அதைச் சொல்லிவிட வேண்டும். கை எழாதது மாத்திரையால் வந்தது என்றால் உடனே நிறுத்த வேண்டும், நோயால் வந்தது என்றால் நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் சிறுநீரகம் மறுபடி போய்விடும், பழைய மாத்திரை இவருக்கு ஏற்கெனவே கேட்காமல் போய்விட்டது என்று தெளிவாகச் சொன்னார். இப்படி வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று தகவல் நிலையத்தைக் கேட்கிறேன் என்றார். அக்காவுக்கு அன்றைக்கு முகம் தெளிந்தது. தகவல் நிலையம் என்றால் தங்கைதானே.

கேள்வி ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அகராதியின் மேசைக்கு வந்தது. 'தோளுக்கு மேல் கையை உயர்த்த முடியாமை: எத்தனை பேருக்கு? எந்த மாத்திரை? நிறுத்திய பின் சரியானதா?' அவள் 423 என்று தட்டினாள். 'இந்த எண் பயன்பாட்டில் இல்லை. பார்க்க: 417' என்றது திரை. பார்த்தாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரே எண், ஒரே சொல். இரவு கண் விழித்தவரும், மருமகளோடு மல்லுக்கட்டிக் களைத்தவரும், கை தூக்க முடியாதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டு எந்தத் துளி உப்பு என்று தேடினால் கிடைக்குமா? சாயங்காலம் வரை தேடினாள். பழைய தகவலின் நகல் வைக்கிற பின்பக்கச் சேமிப்பில் கிடைக்குமா என்று கணினிப் பிரிவில் கேட்டாள். விதிப்படி அதையும் அழித்தாயிற்று, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

எங்கள் பட்டியலில் தவறு நடந்திருக்கிறது என்று பதிலில் ஒரு வரி சேர்க்கலாமா என்று இயக்குநரைக் கேட்டாள். நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்புவதற்கு ஓர் அலுவலகம் எதற்கு, தகவல் என்ன சொல்கிறதோ அதை அனுப்பு என்றார் அவர். பதில் போயிற்று. எண்ணிக்கை: பூஜ்யம். அடியில் அவள் கையெழுத்து.

மறுநாள் தனியாக டாக்டருக்குப் போன் செய்தாள்.

"பூஜ்யம் இல்ல டாக்டர். இருந்தாங்க. நானே படிச்சிருக்கேன்."

"எந்த மாத்திரை சாப்பிட்டவங்க?"

"அது தெரியல."

"நிறுத்தினப்புறம் சரியாச்சா?"

"தெரியல டாக்டர்."

"உங்க அக்காங்கறதால உங்களுக்கு அப்படித் தோணலாம்மா. நான் தப்பாச் சொல்லல. ஆனா இதை வச்சுக்கிட்டு ஒரு சிறுநீரகத்தைப் பணயம் வைக்க முடியுமா?" என்றார். முடியாது. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பிடிவாதத்தைத் தேடிப் போனாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வந்தவர்கள் முகத்தில் சட்டத்தை மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. உட்காரச் சொல்லி, வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்தாள். இவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கட்டத்தில் குறி போட்டதைக் கூடச் சொன்னாள்.

"நோட்டு ஒண்ணு வச்சிருந்தேன், பச்சை அட்டை போட்டது" என்றாள் பிடிவாதம். "நீங்க தப்புன்னு சொன்ன ஒவ்வொண்ணையும் ஆள் நம்பரோட எழுதி வச்சேன். என்னைக்காவது கேப்பீங்கன்னு நெனச்சேன். வேலைய விட்ட அன்னைக்கு நீங்கதான் மேசை மேல வச்சுட்டுப் போகச் சொன்னீங்க."

பச்சை நோட்டு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நோயாளிகளின் வரிகளைக் கையால் எழுதி வைப்பது விதி மீறல். பிரித்துக்கூடப் பார்க்காமல் அன்று மாலையே தாள் கிழிக்கிற எந்திரத்தில் விட்டிருந்தாள். அட்டை தடிமன் என்பதால் எந்திரம் இரண்டு தடவை நின்றது. மூன்றாவது தடவை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது.

"நம்பர் எதுவும் ஞாபகம் இல்ல. சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றாள் பிடிவாதம். மகளுக்குச் சடை பின்ன முடியாமல் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிற ஒருத்தி. ஜன்னல் மேல் கொண்டியைப் போட முடியாமல் மழைக்கு நனைந்த ஒருவர். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல், உட்கார இடம் இருக்கிற பஸ் வரும் வரை நிற்கிற ஒருவர். "பஸ் ஆள் மூணு தாள் எழுதினார். மூணாவதுல, மாத்திரைய நானே நிறுத்திட்டேன், ரெண்டு மாசத்துல கம்பி கைக்கு எட்டுதுன்னு எழுதியிருந்தார். சந்தோஷத்துல அடிக்கோடு போட்டிருந்தார்."

அவள் அதைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். இந்தத் தடவை அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு ஆஸ்பத்திரி டாக்டர்கள் குழுவுக்கு எழுதினார். குழு நிலையத்தைக் கேட்டது. நிலையத்தின் பதிவேட்டில் இருந்த பதிலை நிலையம் அனுப்பியது: பூஜ்யம். பேரில்லாத, எண் இல்லாத, ஒரு கடைக்காரியின் நினைவில் மட்டும் இருக்கிற பஸ் பயணியைக் குழு எப்படி எடைபோடும்? கூடிப் பேசி, தள்ளிவைத்து, மறுபடி கூடினார்கள். பதினோரு வாரம் போயிற்று. கடைசியில் டாக்டர் தன் பொறுப்பில் மாத்திரையை நிறுத்தினார். அதற்குள் தசையைச் சோதித்த அறிக்கை வந்துவிட்டது. தோள் தசை பாதிக்கு மேல் கரைந்திருந்தது. கரைந்தது திரும்பாது என்றார். மூன்று மாதம் முன்னால் நிறுத்தியிருந்தால் என்று அவர் தொடங்கி, இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

423ஐ மறுபடி திறக்க அவள் விண்ணப்பம் போட்டாள். புதுச் சொல் சேர்க்க வேண்டுமானால் அந்தச் சொல் பதிவுகளில் முன்பே இருபது தடவையாவது வந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. ஆளாளுக்கு ஒரு சொல்லைச் சேர்த்துப் பட்டியலைக் குப்பையாக்கக் கூடாது என்று அதை எழுதியவளும் அவள்தான். பட்டியலில் இல்லாத சொல் பதிவில் எப்படி வரும் என்று எழுதும்போது அவளுக்குத் தோன்றவில்லை. விண்ணப்பம் நாலு நாளில் திரும்பி வந்தது. முந்தைய பதிவுகளின் எண்ணிக்கை பூஜ்யம், எனவே ஏற்பதற்கில்லை.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. அக்காவுக்குத் தலை வாரிவிடுவது இப்போது இவள் வேலை. பின்னால் நின்றுகொண்டு வாரினால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அப்போது சொன்னாள். எண்பத்தெட்டு, கேடயம், கட்டத்தில் போட்ட குறி, பச்சை நோட்டு, பூஜ்யம் என்று கையெழுத்துப் போட்டது, எதையும் விடவில்லை. சீப்பு இரண்டு தடவை கீழே விழுந்தது, இரண்டு தடவையும் குனிந்து எடுத்தாள். அக்கா திரும்பவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை, ஆனால் அதற்குக் கை எழ வேண்டுமே.

"அந்தப் பஸ் ஆள் இப்ப நல்லா இருக்காரா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியல அக்கா."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். அத்தான் உள்ளே வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெளியே போனார்.

மேசை மேல் அந்த மூன்று மாதத்துத் தாள் கிடந்தது. மாத்திரை நின்றாலும் தாள் நிற்பதில்லை. அக்கா அதை இவள் பக்கம் தள்ளினாள்.

"நீயே எழுது. எப்படி எழுதினா அது சோர்வு ஆகாதுன்னு உனக்குத்தான் தெரியுமே. சொல்றேன். கை தோளுக்கு மேல போகல."

"அது பட்டியல்ல சோர்வுக்குக் கீழ இருக்கு அக்கா."

"தலை வார முடியல."

"அதுவும் இருக்கு."

"உயரத்துல இருக்கிறதை எடுக்க முடியல. தூக்கினா கை தானா விழுது."

இருந்தது. நாற்பத்தொரு வாசகமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கை, தோள், தூக்க, முடியல, இதில் எது வந்தாலும் எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் போகும். இதற்கு மேல் ஒரு மனிதர் இதைச் சொல்வதற்கு வழி இருக்கிறதா என்று அவள் யோசித்தாள். அந்த வழிகளையெல்லாம் உட்கார்ந்து யோசித்து ஒவ்வொன்றாக அடைத்ததற்குத்தானே கேடயம் கொடுத்தார்கள்.

அக்கா கணக்கு டீச்சர், லேசில் விட மாட்டாள். கொஞ்சம் யோசித்து, "கரும்பலகையில மேல் பாதி இனிமே என்னோடது இல்ல. இப்படி எழுது" என்றாள்.

அது பட்டியலில் இல்லை. அப்படி ஒரு வாசகத்தை இதுவரை யாரும் எழுதியதில்லை. இவள் அவசரமாகத் தாளை இழுத்துக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். பிறகு வைத்தாள்.

"என்ன?"

"இது 600 அக்கா. மற்றவை. புரியாததெல்லாம் அங்க போகும். எண்ணிக்கையில வராது."

"சோர்வு எண்ணிக்கையில வருமா?"

"வரும்."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். மேல் கொண்டி போடாமல் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "அப்ப சோர்வுன்னே எழுது" என்றாள்.

இவள் எழுதினாள். ஆறு கோட்டில் ஒரு கோட்டுக்கு மேல் தேவைப்படவில்லை. சொந்தக்காரர் தாள் என்பதால் எண் போடுகிற இடத்தில் விதிப்படி அவள் அதைத் தொடவில்லை. வேறு இரண்டு பேர் தனித்தனியாகப் படித்தார்கள். இரண்டு பேரும் 417 என்று போட்டார்கள். சாயங்காலம் அந்த வரி அழிக்கப்பட்டது. அந்த மாதம் ஒத்துப்போனது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.